ஆண்டு நியமமும் ஆயுள் யமமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டித் தாம்பரத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களின் சிற்றூர்களில் ஏரும் எழுத்தாணியுமாக வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. கல்வியும் வேலையும் நாடி நம்மில் பலர் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், ஆதம்பாக்கம் எனத் தென்சென்னைப் புறநகர்களில் குடியேறினோம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அன்று முதல் தாம்பரம் வேலைக்குச் செல்வோரின் ஊராகவே இருந்து வருகிறது. முந்திய தலைமுறையில் அந்த வண்டியில் ஆசிரியர்களும் அரசு எழுத்தர்களும் மிகுதியாகச் சென்றனர். இன்று நம் பிள்ளைகள் சிலர் மடிக்கணினிப் பையுடன் ஆடிட்டர் அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். அவர்களிடம் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு படிவம் நீட்டப்படுகிறது: 'இவ்வாண்டு உன் தொழில் இலக்குகள் யாவை?' அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழ் கற்பித்தவருக்குத் தணிக்கையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்கலாம். பழந்தமிழில் ஆசிரியருக்குக் 'கணக்காயர்' என்றே பெயர். நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப்பட்டார். கணக்கு என்னும் சொல் எண்ணையும் குறித்தது, நூலையும் குறித்தது. சமண முனிவர்கள் அருளிய நாலடியார் இடம்பெறும் தொகுதிக்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்று பெயர் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். எண்ணை எழுதுவதும் அறத்தை எழுதுவதும் ஒரே சொல்லால் சுட்டப்பட்ட மொழி நம்முடையது. அந்த உறவின் உரிமையால் பேசுகிறேன்.

நம் இல்லற நெறியைக் கூறும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் நுட்பமான ஒரு பகுப்பைச் செய்துள்ளார். நுகர்பொருள்களைக் குறைக்கும் நோன்பு இருவகைப்படும். காலவரையறை உடையது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் உரியது யமம். இன்று ஒரு பொழுதுக்கு, ஒரு திங்களுக்கு, ஓராண்டுக்கு என்று மேற்கொள்வன நியமங்கள். உயிருள்ளவரை கைவிடேன் என்று ஏற்பது யமம். அருங்கலச்செப்பு ஓதும் வழக்கமுடைய வீடுகளில் இச்சொற்கள் புதியவை அல்ல.

இந்தப் பகுப்பை அலுவலகப் படிவத்தோடு பொருத்திப் பாருங்கள். ஆண்டு இலக்கு என்பது நியமம். அதற்கு ஓர் அளவு உண்டு, ஒரு முடிவு நாள் உண்டு, அடுத்த ஆண்டு அதனை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால், 'காணாததைக் கண்டதாக எழுதமாட்டேன்' என்பது ஆண்டு இலக்காகாது, அது யமம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், இலக்கு எட்டாத ஆண்டில் நேர்மையும் நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பெறும் பொருளாகிவிடும். ஆதலின் படிவத்தை நிரப்புவதற்கு முன் இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நியமங்களையும் மற்றொன்றில் யமங்களையும் எழுதுங்கள். முதல் தாள் அலுவலகத்துக்கு உரியது. இரண்டாவது உங்கள் பூசையறையில் இருக்கட்டும்.

முதலில் நியமத்தாளைப் பார்ப்போம். நோன்பு நோற்பவர் தம் கையில் உள்ளதையே நோன்பாக ஏற்பார். 'இவ்வாண்டு பதவி உயர்வு பெறுவேன்' என்பது பிறர் கையில் உள்ள செய்தி. அது விருப்பமேயன்றி இலக்கன்று. 'பதவி உயர்வுக்குத் தேவையான இந்த மூன்று பணிகளைக் கற்று முடிப்பேன்' என்பதே இலக்கு. அவ்வாறே, 'சட்ட அறிவை வளர்த்துக்கொள்வேன்' என்று எழுதினால் ஆண்டிறுதியில் அளந்து பார்க்க இயலாது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பழைய இரட்டை வழக்கு நீங்கி, 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நிலைபெற்றுள்ளது. அச்சட்டத்தின் பிரிவுகள் 536. 'வாரத்துக்குப் பன்னிரண்டு பிரிவுகள் வீதம் மார்ச்சுக்குள் ஒருமுறை முழுதும் படிப்பேன்' என்பது அளவுடைய இலக்கு. கையொப்ப உரிமம் பெற்று இத்தொழிலை நடத்தும் அறுபது வயதுக்கு உட்பட்டவர், மூன்றாண்டுக்கு 120 மணி நேரம் தொடர்கல்வி பெறவேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனமே அளவு வைத்திருக்கிறது. எல்லை நாள் நெருங்கும்போது நுங்கம்பாக்கத்துக் கூட்டங்களில் மணிக்கணக்கை நிரப்புவதைவிட, ஏப்ரலிலேயே எவற்றைக் கற்பது என்று தேர்ந்துகொள்வது நன்று.

அடுத்தது காலம். தணிக்கைத் தொழிலுக்கு ஒரு பருவ ஓட்டம் உண்டு. கணக்காண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. அன்று மாலையே கிடங்குகளில் சரக்கிருப்பை எண்ணத் தொடங்குகிறீர்கள். வரித் தணிக்கை அறிக்கைக்கும் நிறுமங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் செப்டம்பர் 30 எல்லை நாளாக நிற்கிறது. நம் தசலட்சணப் பருவமோ பாத்திரபதத் திங்களின் வளர்பிறைப் பஞ்சமி முதல் சதுர்த்தசி வரை, அதாவது பெரும்பாலும் அதே செப்டம்பரில் வருகிறது. பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரமசரியம் என்னும் பத்து அறங்களை நாளுக்கொன்றாக நினைக்கவேண்டிய நாள்களில், நம் பிள்ளைகள் இரவு பதினொரு மணி வண்டியில் வீடு திரும்புகின்றனர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் இயல்பு அது. ஆனால் பஞ்சாங்கம் முன்னரே தெரிந்ததுதானே? பத்து நாளும் விடுப்புக் கிடைக்காது. அனந்த சதுர்த்தசி ஒரு நாளேனும் வேண்டும் என்று ஏப்ரலிலேயே மேலாளரிடம் சொல்லி, அதற்கேற்ப ஆகஸ்டுப் பணியை முன்கூட்டி முடிப்பதையும் ஓர் ஆண்டு இலக்காக எழுதுங்கள். படிப்புக்கான இலக்குகளை ஏப்ரல், மே மாதங்களிலும், நவம்பருக்குப் பின்னும் வையுங்கள். செப்டம்பரில் எந்தப் புதிய இலக்கையும் வைக்காதீர்கள்.

இலக்கை நோக்கி நடப்பவருக்குத் தடை வரும். அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் ஆர். சிவபோகம் அம்மையார். அவர் சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். அன்று ஆண்களுக்கே உரியதாக எண்ணப்பட்ட கணக்கியல் பட்டயத் தேர்வில் 1933இல் வெற்றி பெற்றார். சிறை சென்றோர் கணக்காளராகப் பதிவுசெய்துகொள்ள இயலாது என்னும் விதி அப்போது குறுக்கே நின்றது. அவர் வழக்காடி வென்று, 1937இல் பதிவு பெற்றார். பின்னர் 1955 முதல் 1958 வரை தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். தேர்வில் வென்ற பின்னும் நான்கு ஆண்டுகள் அவர் காத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். தேர்வு எழுதுவது அவர் கையில் இருந்தது. அதனைச் செய்து முடித்தார். பதிவு பிறர் கையில் இருந்தது. அதற்கு முறைப்படி போராடினார். நியமத்தை வகுப்போர்க்கு இவ்வேறுபாடு விளங்கவேண்டும்.

இனி யமத்தாள். இதில் நான் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை. உமாசுவாதி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் அணுவிரதங்களுக்கு நேரக்கூடிய மாசுகளை, அதாவது அதிசாரங்களை, விரதத்துக்கு ஐந்தைந்தாக வகுத்துள்ளது. வாய்மை விரதத்தின் மாசுகளுள் ஒன்று கூடலேகக் கிரியை. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். மற்றொன்று பிறருடைய மறைவுச் செய்தியை வெளியிடுதல். கள்ளாமை விரதத்தின் மாசுகளுள் அரசின் முறைக்கு மாறாக ஒழுகுதலும், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தலும் உள்ளன. தணிக்கையாளர் ஒருவருக்கென்றே எழுதப்பட்டவை போல இவை நமக்குத் தோன்றவில்லையா? வாடிக்கையாளரின் இலாபம் எவ்வளவு, யார் யாருக்குக் கடன்பட்டார் என்பவற்றைத் தாம்பரம் வண்டியில் நண்பரிடம் உரக்கப் பேசுவதும் விரத மாசுதான். தொழில்முறை ஒழுக்கவிதி இன்று மறைகாப்பு என்று கூறுவதை நம் ஆசாரியர்கள் என்றோ கூறிவிட்டனர்.

பொய்யாவணம் என்பது பெரியவர்கள் செய்யும் பெருங்குற்றம், இளையவர்க்கு அதில் என்ன பங்கு என்று எண்ணவேண்டா. அறிக்கையில் கையொப்பமிடுபவர் நிறுவனத்தின் பங்குதாரர் என்பது உண்மையே. ஆனால் அந்த அறிக்கையைத் தாங்கி நிற்கும் பணித்தாள்களில் 'எண்ணினேன், பார்த்தேன், ஒப்பிட்டேன்' என்று சுருக்கொப்பம் இடுபவர் நீங்கள். மார்ச்சு 31 மாலை மறைமலைநகரில் ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பெட்டிகளை எண்ணவேண்டும், நூற்றிருபது எண்ணியாயிற்று. 'மீதியும் இப்படித்தான் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வண்டி போய்விடும்' என்று கிடங்கு மேலாளர் அன்போடு தேநீரும் தருகிறார். அங்கே இருநூறு என்று எழுதுவது கூடலேகம். 'நூற்றிருபது எண்ணினேன், எஞ்சியவை எண்ணப்படவில்லை' என்று எழுதுவது விரதம். இரண்டு வரிகளுக்கும் இடையே பத்து நொடிகூட வேறுபாடு இல்லை.

அந்தப் பத்து நொடி பெருகினால் என்னவாகும் என்பதை 2009இல் இந்தியா கண்டது. சத்யம் என்று பெயர் பூண்ட ஐதராபாத்து மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில் பணமும் வங்கியிருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதன் தலைவரே அவ்வாண்டு சனவரி 7ஆம் நாள் கடிதம் எழுதினார். 2015 ஏப்ரலில் ஐதராபாத்துச் சிறப்பு நீதிமன்றம், தணிக்கையாளர் இருவர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த திங்களில் மேல்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. அந்தச் சட்டப் போக்கில் நாம் புகவேண்டா. நமக்கு வேண்டிய பாடம் எளியது. வங்கியிருப்பை வங்கியிடமே நேராகக் கேட்டு, விடையையும் நேராகத் தம் கையில் பெறுவது தணிக்கையின் அரிச்சுவடி. வாடிக்கையாளர் தரும் தாளைப் பெற்றுக் கோப்பில் சேர்ப்பது அதற்கு ஈடாகாது.

அதன்பின் சட்டம் வேலிகளை உயர்த்தியுள்ளது. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. 2019 முதல் தணிக்கையாளர் இடும் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் யுடின் என்னும் 18 இலக்க எண் பெறவேண்டும். 2023 ஏப்ரல் முதல் நிறுமங்களின் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவை எப்போது மாற்றினர் என்னும் தடம் அழியாமல் நிற்கவேண்டும். இவை யாவும் நல்லவை. எனினும் கிடங்கில் எண்ணாத எண்பது பெட்டிகளை எந்த எண்ணும் எந்தத் தடமும் காட்டிக்கொடுப்பதில்லை. அங்கே காவல் நிற்பது நீங்கள் ஏற்ற விரதம் ஒன்றே.

கணக்குக் காட்டாதவரை இம்மண் எவ்வாறு நடத்தியது என்பதற்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. குடவோலை முறையில் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு உரிய தகுதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்குப் பெயர் இடத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. பிழை ஒருவருடையது, அதன் விளைவு குடும்பம் முழுமைக்கும். கடுமையான விதிதான். ஆயினும், ஒருவர் கணக்கில் காட்டும் நேர்மை அவர் ஒருவரின் சொத்து அன்று, குடும்பத்தின் சொத்து என்று அவ்வூரார் கருதினர் என்பது அதனால் விளங்கும்.

இவ்விடத்தில் நம் பெற்றோர் சிலர் கேட்கும் வினா ஒன்றுக்கும் விடை கூறவேண்டும். குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்தது. 'கொல்லாமை நோன்புடைய வீட்டுப் பிள்ளை தோல் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யலாமா?' என்பது அவ்வினா. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றும் நம் நெறியில் வினைக்கு வாயில்கள். கணக்கு மெய்யா என்று சான்று கூறுவது அத்தொழிலுக்கு உடன்படுதல் ஆகாது என்பது என் கருத்து. மாறாகக் கருதுவோரும் உளர்; அவர்தம் மனச்சான்றையும் மதிக்கிறேன். எக்கருத்தினராயினும், அத்தகைய பணி வேண்டாமெனில் அதனை ஆண்டுத் தொடக்கத்திலேயே பணிவோடு தெரிவித்துவிடுங்கள். பணி நடுவே விட்டு விலகி, உடன் பணிபுரிவோரின் தோளில் சுமையை ஏற்றுவது அறமாகாது.

ஆண்டு இலக்கு என்றாலே மேலும் மேலும் என்று எழுதும் பழக்கம் பெருகியுள்ளது. நம் மரபிலோ அளவு குறிப்பதே விரதம். மிகுபொருள் விரும்பாமைக்குப் பரிக்கிரகப் பரிமாணம் என்றே பெயர். இத்தொழிலும் அவ்வளவை அறிந்தே இருக்கிறது. பட்டயக் கணக்காளர் ஒருவர் ஓராண்டில் 60 வரித் தணிக்கைகளுக்கு மேல் ஏற்கலாகாது என்று அவர்தம் நிறுவனம் வரம்பிட்டுள்ளது. நிறுமத் தணிக்கைக்கு 20 என்று 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் வரம்பிட்டுள்ளது. கண்ணால் பார்த்துக் கையொப்பமிடக்கூடிய அளவு இவ்வளவே என்னும் தெளிவு அதில் இருக்கிறது. ஆதலின் உங்கள் நியமத்தாளில் 'இவற்றைச் செய்வேன்' என்பதோடு, 'இவ்வளவுக்கு மேல் ஏற்கமாட்டேன்' என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

எழுதிய இலக்கை எப்போது சரிபார்ப்பது? அலுவலகம் ஆண்டிறுதியில் ஒருமுறை கேட்கும். நம் முன்னோர் பிரதிக்கிரமணத்தை அவ்வாறு வைக்கவில்லை. நாள்தோறும், பக்கத்துக்கு ஒருமுறை, நான்கு திங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று படிப்படியாக வைத்தனர். குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதாதவர் ஆண்டிறுதியில் ஐந்தொகை எழுத முடியுமா? இரவு உறங்குமுன் ஒரு நொடி: இன்று பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேனா? சதுர்த்தசி நாளில் ஐந்து நிமிடம்: கற்க எண்ணியதில் எவ்வளவு கற்றேன்? நான்கு திங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம்: எந்த இலக்கைத் திருத்தவேண்டும்? நியமத்தைத் திருத்திக்கொள்வது இழுக்கன்று. யமத்துக்கு மட்டும் திருத்தம் கிடையாது.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறான தாளில் கையொப்பமிட மறுக்கும் நாள் ஒன்று வரலாம். அன்று வேலையும் போகலாம். அப்போது வீட்டுக்கடன் தவணை, தங்கையின் கல்லூரிக் கட்டணம், அடுத்த மாத வாடகை ஆகிய மூன்றும் அவன் கண்முன் நிற்கும். அவளாயினும் அவ்வாறே. வாய்மையைக் கைவிடுபவர் பலர் பேராசையினால் கைவிடுவதில்லை, அச்சத்தினால் கைவிடுகின்றனர். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் இரண்டாண்டுகளுக்கு நியமத்தாளின் முதல் வரியாக இதனை எழுதச் சொல்லுங்கள்: 'ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைச் சேமித்துத் தனியே வைப்பேன்.' அந்தப் பணத்துக்குப் புதிய வண்டி வேண்டா, மேல்தளம் வேண்டா, ஆடம்பரத் திருமணமும் வேண்டா. மறுத்துச் சொல்லும் வலிமைக்கு அது முதல். அபரிக்கிரகம் வாய்மையைத் தாங்கி நிற்பது இவ்வாறுதான்.

'சம்பளம் எவ்வளவு உயர்ந்தது?' என்று மார்ச்சில் கேட்கும் நாம், 'நீ மறுத்துவிட்டு வந்தாலும் இவ்வீட்டில் உனக்குச் சோறு உண்டு' என்று ஏப்ரலிலேயே சொல்லிவைப்போம். பிள்ளைகள் தத்தம் ஆண்டு இலக்குகளை அச்சமின்றி எழுதுவர்.